எல்லாக் கருவிக்கும் பொருந்தும் என்று விற்கப்பட்ட எக்ஸ்பிரஷன் பெடல் குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
காவேரிப்பட்டினம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இசைக்கருவிகள் இணைய விற்பனைப் பிரிவு.

நாள்: 21.04.2025

பொருள்: விளம்பரத்திலும் தங்கள் ஊழியரின் எழுத்துமூலமான பதிலிலும் கூறப்பட்ட தன்மைகள் இல்லாத எக்ஸ்பிரஷன் பெடலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

பார்வை: எனது 12.03.2025, 19.03.2025, 27.03.2025 நாளிட்ட மின்னஞ்சல்கள்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் இணையக் கடையில் 03.03.2025 அன்று ரூ. 5,850 செலுத்தி வாங்கிய எக்ஸ்பிரஷன் பெடல் (கிட்டாரின் ஒலியைக் காலால் மிதித்து மாற்ற உதவும் சாதனம்) 11.03.2025 அன்று என் கைக்கு வந்தது. மறுநாளே புகார் அனுப்பினேன். அதன்பின் மூன்று பதில்கள் வந்துவிட்டன; நான் கேட்ட கேள்விக்கான விடை மட்டும் அவற்றில் இல்லை. எனவே நடந்ததை முதலிலிருந்து ஒரே கடிதத்தில் எழுதுகிறேன்.

நான் இப்பகுதியில் கோயில் திருவிழாக்களிலும் திருமண வரவேற்புகளிலும் வாசிக்கும் மெல்லிசைக் குழு ஒன்றில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையே எங்கே நிகழ்ச்சி என்றாலும் பெரும்பாலும் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். தோளில் கிட்டார், கையில் ஒரு பை. அந்தப் பைக்குள் அடங்குவதுதான் என் மொத்தச் சாதனமும். 40 செ.மீ. நீளமும் 18 செ.மீ. அகலமும் உள்ள ஒரு பலகையில் பாஸ் நிறுவனத்தின் சிறிய மல்டி எஃபெக்ட்ஸ் (கிட்டாரின் ஒலியைப் பலவிதமாக மாற்றித் தரும் மின்கருவி) ஒன்றும் சுருதி பார்க்கும் ஒரு டியூனரும் பொருத்தியிருக்கிறேன். வால்யூம் பெடல் ஒன்று, ‘வா-வா’ என்று ஒலியை வளைக்கும் வா பெடல் ஒன்று என்று தனித்தனியாக வைக்க அதில் இடம் இல்லை. வயலின் குழு மெல்ல எழுந்து வரும் இடையிசையைக் கிட்டாரில் வாசிக்கும்போது ஒலியைக் காலால் ஏற்ற வேண்டியிருக்கிறது. அடுத்த பாட்டிலேயே வா தேவைப்படுகிறது. அதற்கடுத்ததில் எதிரொலியின் அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே மிதியால் செய்ய வைப்பது எக்ஸ்பிரஷன் பெடல் என்பதால்தான், பல மாதம் யோசித்து அதை வாங்கத் துணிந்தேன்.

வாங்கும் முன் நான் விசாரிக்காமல் இல்லை. என் மல்டி எஃபெக்ட்ஸின் கையேடு, அந்நிறுவனம் குறிப்பிடும் பெடல்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும், வேறு பெடல்களை இணைத்தால் கருவி சரியாக இயங்காமல் போகலாம் என்று எச்சரிக்கிறது. அந்தப் பெடல்கள் என் பலகையில் அடங்காதவை. ஆகவே 02.03.2025 அன்று தங்கள் கடையின் உரையாடல் பெட்டியில் என் கருவியின் பெயரைச் சொல்லி மூன்று கேள்விகள் கேட்டேன். உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர், அதாவது மிதியின் அசைவுக்கேற்ப மாறும் மின்தடை, 10 கிலோ ஓம்தானா என்பது முதல் கேள்வி. அதன் நகரும் தொடுமுனையான வைப்பர், பிளக்கின் நுனியான டிப் முனையில் இணைக்கப்பட்டிருக்கிறதா, நடு வளையமான ரிங் முனையிலா என்பது இரண்டாவது. அதை மாற்ற ஒரு பொலாரிட்டி சுவிட்ச் இருக்கிறதா என்பது மூன்றாவது. நான்கே நிமிடத்தில், “ஆமாம் சார், எல்லா மல்டி எஃபெக்ட்ஸுக்கும் பொருந்தும், தாராளமாக வாங்கலாம்” என்று பதில் வந்தது. இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்பது விடையே ஆகாது என்பதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். தங்கள் விளம்பரப் பக்கத்திலும் “10 கிலோ ஓம், அனைத்துக் கருவிகளுக்கும் ஏற்றது” என்றே இருந்ததால் நம்பிப் பணம் கட்டினேன்.

எல்லாவற்றுக்கும் பொருந்தும் எக்ஸ்பிரஷன் பெடல் என்று ஒன்று, சுவிட்சோ மாற்று வயரிங்கோ இல்லாமல், இருக்க வழியில்லை. இந்தப் பெடலுக்குள் கிட்டாரின் ஒலி நுழைவதே இல்லை. இருப்பது வால்யூம் கன்ட்ரோல் போன்ற அந்தப் பொட்டென்ஷியோமீட்டரும் மூன்று கம்பிகளும்தான். ரோலண்ட், பாஸ் முறையில் கருவி ரிங் முனை வழியாக ஒரு சிறு மின்னழுத்தத்தை அனுப்பி, மிதி எந்த நிலையில் இருக்கிறது என்பதை டிப் முனை வழியாகப் படித்துக்கொள்கிறது. ரோலண்டின் ஈவி-5 பெடல் இப்படிப்பட்டது. யமஹாவின் எஃப்சி7 பெடலில் இதே வேலை தலைகீழாக, டிப்பில் மின்னழுத்தமும் ரிங்கில் வைப்பருமாக நடக்கிறது. லைன் 6 நிறுவனத்தின் பெடல்களோ இரண்டே கம்பிகளை வைத்துக்கொண்டு, 10 கிலோ ஓம் வரை மாறும் மின்தடையை மட்டும் கருவிக்குக் காட்டுகின்றன. மூவரும் வைத்திருப்பது ஒரே கால் அங்குல ஜாக்தான் என்பதால் எந்தப் பிளக்கும் எதிலும் நுழையும். நுழைகிறது என்பதற்காகப் பொருந்திவிட்டது என்று ஆகாது. விற்பவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகப்படியான ஆசை என்று எனக்குத் தோன்றவில்லை.

பெடல் வந்த அன்று மாலையே ஒத்திகைக்கு எடுத்துப் போனேன். கருவியின் மெனுவில் சொல்லியபடி குதிகாலை அழுத்தியும் முன்பாதத்தை அழுத்தியும் இரண்டு எல்லைகளையும் பதிவு செய்தேன். அதை அது ஏற்றுக்கொண்டது. பிறகு பெடலை ஒலியளவுக்கு ஒதுக்கிவிட்டு மிதித்தேன். குதிகால் முழுவதும் கீழே இருக்கும்போது திரையில் 0. மிதியை ஒரு விரற்கடை அசைத்தவுடன் எண் 85க்குத் தாவியது. அங்கிருந்து பாதித் தூரம் போவதற்குள் 98; மிச்சப் பாதி முழுவதற்கும் இரண்டே இரண்டு எண்கள். மெல்ல எழ வேண்டிய வயலின் இடையிசை யாரோ கதவை உதைத்துத் திறந்ததுபோல வெளியே விழுந்தது. கீபோர்டு வாசிப்பவர் கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லைகளை மீண்டும் நான்கு முறை பதிவு செய்து பார்த்தேன், கேபிளை மாற்றிப் பார்த்தேன், நண்பர் ஒருவரின் ரோலண்ட் கீபோர்டிலும் இணைத்துப் பார்த்தேன். எங்கேயும் இதே தாவல்தான்.

மறுநாள் காலை எங்கள் ஊர் டி.வி. ரிப்பேர் கடைக்காரரிடம் கொண்டு போனேன். அவர் பெடலைத் திறக்கவில்லை. இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பெடலில் செருகிய கேபிளின் மறுமுனைப் பிளக்கை மேசைமேல் வைத்து, மல்டிமீட்டரின் ஊசிகளை அதன் வளையங்களில் மட்டும் வைத்து அளந்தார். டிப்புக்கும் பிளக்கின் அடிப்பகுதியான ஸ்லீவுக்கும் இடையே மிதி எந்த நிலையில் இருந்தாலும் 48.6 கிலோ ஓம் என்று அசையாமல் நின்றது. ரிங்குக்கும் ஸ்லீவுக்கும் இடையே வைத்து நான் கையால் மிதியை அழுத்த, எண் பூஜ்ஜியத்திலிருந்து 48 வரை சீராக ஏறி, சீராக இறங்கியது. இரண்டு உண்மைகள் இதில் உறுதியாயின. உள்ளே இருப்பது விளம்பரத்தில் சொன்ன 10 கிலோ ஓம் அல்ல, 50 கிலோ ஓம் வகை. வைப்பர் இருப்பது ரிங்கில். அதாவது யமஹா முறை வயரிங். இப்படிப்பட்ட பெடலை என் கருவியில் இணைத்தால், கருவி அனுப்பும் மின்னழுத்தம் நேராக வைப்பருக்கே போய்விடுகிறது. மிதி குதிகால் எல்லையை ஒட்டி இருக்கும்போது மட்டும் அது தரையிறங்க வழி கிடைக்கிறது, மற்ற தூரமெல்லாம் ஏறக்குறைய முழு அளவே படிக்கப்படுகிறது. நான் ஒத்திகையில் கண்ட தாவலுக்குக் காரணம் இதுதான். பொலாரிட்டி சுவிட்ச் பெடலில் எங்கும் இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பெடலின் உடல் உறுதியானது, மிதி ஆடவில்லை, அடிப்பக்க ரப்பர் நன்றாகப் பிடிக்கிறது, நீளமும் சொன்னபடி 17 செ.மீ. இருக்கிறது. 50 கிலோ ஓம் என்பதுகூட, வயரிங் சரியாக இருந்திருந்தால், மூன்று கம்பி முறையில் பெரிய தொல்லை தந்திருக்காது என்றே ரிப்பேர் கடைக்காரர் சொன்னார். யமஹா முறைக் கருவி வைத்திருப்பவருக்கு இது நல்ல பெடலாகவே இருக்கும். பழுதான பொருளை அனுப்பினீர்கள் என்பதல்ல என் புகார்; எனக்கு உதவாத பொருளை, உதவும் என்று எழுதிக் கொடுத்து விற்றீர்கள் என்பதே. கூடவே ஒன்று: விளம்பரப் படத்தில் முன்விளிம்பில் இருந்த ஜாக், வந்த பெடலில் வலது பக்கத்தில் இருக்கிறது. பிளக்கும் கேபிளின் வளைவும் சேர்ந்து பலகையில் ஐந்து செ.மீ.க்கு மேல் தின்றுவிடுகின்றன. பெரிய பலகை வைத்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டில்லை. எனக்கு டியூனரைக் கழற்றி வைக்க வேண்டி வந்தது.

இனித் தங்கள் பதில்களுக்கு வருகிறேன். 14.03.2025 அன்று வந்த முதல் பதில், புகார் பெறப்பட்டது என்பதோடு முடிந்தது. 21.03.2025 அன்று வந்த இரண்டாவது பதில், பெடலைத் திறந்து உள்ளே இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பற்ற வைத்துக்கொள்ளலாம் அல்லது டிப்பும் ரிங்கும் குறுக்காக மாறிய கேபிள் ஒன்றைச் செய்துகொள்ளலாம் என்று யோசனை கூறியது. வயரிங் மாறியிருப்பதைத் தாங்களே ஒப்புக்கொண்டதாகத்தான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டியில் இருந்த உத்தரவாத அட்டையின் மூன்றாவது வரி, அடிப்பலகையைத் திறந்தால் உத்தரவாதம் செல்லாது என்கிறது. தாங்கள் சொன்னபடி செய்தால் தங்கள் அட்டைப்படி நான் உரிமை இழக்கிறேன். குறுக்குக் கேபிளால் வேலை நடக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு மேடையில் கேபிள் அறுந்தால், கிடைக்கும் எந்தச் சாதாரண கேபிளையும் மாட்டி நிகழ்ச்சியைத் தொடர முடியாது; அந்தத் தனிக் கேபிளை நம்பித்தான் நான் நிற்க வேண்டும். 31.03.2025 அன்று வந்த மூன்றாவது பதிலோ, பெட்டி பிரிக்கப்பட்டதால் திரும்பப் பெற இயலாது, வேண்டுமானால் பெங்களூரு கிளைக்கு நேரில் கொண்டு வந்து காட்டலாம் என்றது. பெட்டியைப் பிரிக்காமல் பெடலை மிதித்துப் பார்க்கும் வழி எனக்குத் தெரியவில்லை. பெங்களூரு இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் ஆகும். தங்கள் ஊழியர் எழுதிய தவறான ஒரு வரிக்கு அந்தச் செலவை நான் ஏற்பது முறையாகாது.

இதற்கிடையில் 11.04.2025 பங்குனி உத்திரத்தன்று இரவு முருகன் கோயில் நிகழ்ச்சியில், பழையபடி கிட்டாரின் வால்யூம் திருகைச் சுண்டுவிரலால் உருட்டித்தான் அந்த இடையிசைகளை வாசித்தேன். வா வேண்டிய பாட்டைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம். பெடல் வீட்டில் அட்டைப்பெட்டிக்குள், ஒரு கீறலும் இல்லாமல் இருக்கிறது.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதை ஏற்றுப் பதில் தருவதும் ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்ப்பதும் தங்கள் பொறுப்பு. முதலாவதைச் செய்தீர்கள், இரண்டாவதற்கான காலம் கடந்துவிட்டது. விளம்பரத்தில் கூறிய தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உள்ளது. பெட்டி பிரிக்கப்பட்டது என்ற காரணம் அதற்கு முன் நிற்காது என்றே கருதுகிறேன்.

ஆகவே தங்கள் செலவில் கூரியர் அனுப்பி இந்தப் பெடலை என் வீட்டிலிருந்து பெற்றுக்கொண்டு, ரூ. 5,850 முழுவதையும் நான் செலுத்திய கணக்குக்கே திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பணத்துக்குப் பதிலாக, வைப்பர் டிப் முனையில் உள்ள, அல்லது பொலாரிட்டி சுவிட்ச் உள்ள, 18 செ.மீ.க்கு மிகாத 10 கிலோ ஓம் பெடல் ஒன்றைத் தர முடியுமானால் அதையும் ஏற்கத் தயார்; ஆனால் இம்முறை தங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் ஒருவர் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்து அளந்து, அந்த எண்களை எனக்கு எழுதி அனுப்பிய பிறகே பொருளை அனுப்ப வேண்டும். விளம்பரப் பக்கத்தில் “அனைத்துக் கருவிகளுக்கும் ஏற்றது” என்ற வரியை நீக்கிவிட்டு, மின்தடையையும் வயரிங் முறையையும் உள்ளபடி குறிப்பிடவும் வேண்டுகிறேன். இக்கடிதம் எழுதும் இன்று காலைவரை அந்த வரி அங்கேயே இருக்கிறது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்வதோடு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர இடமளிப்பதால், எங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையும் அணுகுவேன். அதற்காக நான் பெங்களூரு வர வேண்டியதில்லை.

பணம் செலுத்திய பட்டியல், 02.03.2025 உரையாடலின் நகல், விளம்பரப் பக்கத்தின் படம், மல்டிமீட்டர் அளவுகளின் மூன்று படங்கள், மிதிக்கும்போது திரையில் எண் தாவுவதைக் காட்டும் 40 விநாடிக் காணொளி ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காவேரிப்பட்டினம்.