சில்பியின் மூலப்படங்களை மாணவர் கண்ணுக்குக் காட்டுங்கள்

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறைக்கும், பழைய ஓவியங்களைக் கைவசம் வைத்திருக்கும் இதழ் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

சில்பி யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாமக்கல்லில் 1919இல் பிறந்த ஓவியர் பி.எம். ஸ்ரீனிவாசனுக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் ஆனந்த விகடன் ஓவியர் மாலி. கோயில் சிற்பங்களை அவர் கோட்டோவியங்களாக வரைந்த ஆனந்த விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடர் அந்தப் பெயரை வீடு வீடாகக் கொண்டுபோனது. 1983இல் மறைந்தார். ஓவியர் பத்மவாசனைப் போல அவரிடம் நேரே பயின்றவர்கள் மிகச் சிலர். அவர் பக்கங்களைப் பார்த்தே கை பழகியவர்கள் ஏராளம். அந்தப் பக்கங்கள் இன்று மாணவருக்கு எந்த நிலையில் கிடைக்கின்றன என்பதுதான் எங்கள் கவலை.

கிடைப்பது நகலின் நகல். துத்தநாக பிளாக்கில் (படம் அச்சிடும் உலோகத் தகட்டில்) அச்சானபோதே மை பிதுங்கிக் கோடு ஒரு சுற்று தடித்துவிட்டது. அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்தால் ஆரத்து மணிகளின் மெல்லிய கோடு அறுந்துபோகிறது. இடுப்பு வளைவில் நெருக்கிப் போட்ட குறுக்குக்கோடுகளின் இடைவெளி அடைத்துக்கொள்கிறது. பிறகு அதையே செல்போனில் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். மாணவன் கண்ணுக்குத் தெரிவது ஒரு கருந்திட்டு. அதுதான் நிழல் என்று நம்பி அவனும் பிரஷ்ஷால் மையை அப்புகிறான். கல் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமே கோடும் திரும்பும் என்பதுதான் சில்பியிடம் கற்க வேண்டிய முதல் பாடம். அந்தப் பாடமே நகலில் அழிந்துவிடுகிறது. போதாததற்குப் படத்தை மட்டும் வெட்டியெடுத்து, கீழே இருந்த கோயில் பெயரையும் இதழ்த் தேதியையும் குப்பையில் போடுகிறார்கள்.

ஆகவே கேட்கிறோம்: மூலப்படங்களை வருடி (ஸ்கேன் செய்து) வெளியிடுங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்குக் குறையாமல், நுணுக்கம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுக்க வேண்டும். ஓரங்களை வெட்டக் கூடாது. பிளாக் செய்பவருக்கு எழுதிய அளவுக் குறிப்பு ஓரத்திலோ பின்பக்கத்திலோ இருக்கக்கூடும். தாளை ‘பளிச்’ ஆக்க வேண்டாம், மஞ்சளைப் போக்குகிற சாக்கில் மெல்லிய கோடும் போய்விடும். தயவுசெய்து லேமினேஷன் செய்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் ஒட்டியது பிறகு பிரியாது. செலோடேப் விட்ட பழுப்புக் கறையும், ராமபாணப் பூச்சி தின்ற தாளும் திரும்பி வராது. அமிலமற்ற உறையில், வெயில் படாத அலமாரியில் படுக்கைவாட்டில் வைத்தாலே பாதிக் கேடு தடுக்கப்படும்.

இது ஓவிய வகுப்போடு முடிகிற விஷயமும் அல்ல. கோயிலிலிருந்து திருடப்பட்ட ஸ்ரீபுரந்தான் நடராஜர் சிலை 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதற்கு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எடுத்துவைத்த பழைய புகைப்படம் சான்றாக உதவியது. சில்பி கோயிலிலேயே உட்கார்ந்து பார்த்து வரைந்தவையும் அப்படிப்பட்ட சான்றுகளே. திருப்பணி என்று சொல்லி மணலைப் பீய்ச்சியதில் நகக்கண் மழுங்கிய சிற்பங்கள் எத்தனை? எனாமல் பெயிண்டுக்குள் மூச்சு முட்டி நிற்பவை எத்தனை? முன்பு எப்படி இருந்தன என்று எதை வைத்துச் சொல்வோம்? இதைக் கேட்கும்போது எங்களுக்குக் கோபம் வருவதைப் பொறுத்தருள வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யும்படி கேட்கவில்லை. முதலில் ஒரே ஒரு கோயிலின் மூலப்படங்களையாவது வருடி, கோயில் பெயரும் இதழ்த் தேதியும் சேர்த்து, சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளுக்கும் மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிக்கும் கொடுத்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்கள் சிலர்