கவுன்சிலிங் படிவத்தில் எச்.ஓ.டி. கையெழுத்து எதற்கு? துணைவேந்தருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு,

வணக்கம். மனநல ஆலோசனை மையத்துக்கு வருகிறவர்கள் இனி எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கையெழுத்தோடுதான் வர வேண்டும் என்ற சுற்றறிக்கை ஏன் வந்தது என்பது தங்களுக்கே தெரியும். கவுன்சிலிங் பெயரில் வகுப்புக்கு மட்டம் போடுகிறார்கள் என்பது புகார். அது உண்மையா என்ற விவாதத்துக்கே நாங்கள் வரவில்லை. அந்தக் கையெழுத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.

படிவத்தை ஒருமுறை பாருங்கள். பெயர், பதிவு எண், ஆண்டு. பிறகு 'வருகைக்கான காரணம்' என்று இரண்டே கோடுகள். நேர் கீழே எச்.ஓ.டி.யின் கட்டம். இன்டர்னல் மார்க் போடுகிறவர், நாளைக்குப் பரிந்துரைக் கடிதம் தர வேண்டியவர் படிக்கப்போகிற கோட்டில் மாணவர் என்ன எழுதுவார்? 'தலைவலி' என்று எழுதுவார். இல்லையென்றால் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார். பிரச்சினையே துறைக்குள்தான் என்றால், யாரைப் பற்றிச் சொல்ல வருகிறாரோ அவரிடமே அனுமதி வாங்க வேண்டும்!

மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பிஹெச்கியூ-9 தாளில் 9 கேள்விகள். எல்லாம் கடந்த 2 வாரங்களைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் விரிவாக விசாரிக்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, செத்தால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றுகிறதா என்பது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கே 1 விழுந்தால் அன்றைக்கே உட்கார்ந்து பேசியாக வேண்டும். தாள் யார் கைக்குப் போகுமோ என்று பயப்படுகிறவர் அங்கே 0 போடுவார். அதை நம்பி ஆலோசகரும் அவரை 'அவசரமில்லை' வரிசையில் சேர்ப்பார்.

தாமதமும் சின்ன விஷயமல்ல. மனச்சோர்வு மருந்து வேலை செய்யப் பொதுவாக 2 முதல் 6 வாரங்கள் ஆகும். 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று முதல் சில வாரங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். நம் மாணவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வயதுதான். கையெழுத்துக்கு அலைந்துவிட்டுத் தேர்வு வாரத்தில் வந்து நிற்கிறவருக்கு எந்த மருந்து கைகொடுக்கும்?

அக்டோபர் 10 மனநல நாளன்று நுழைவாயிலில் 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று பேனர் கட்டினீர்கள். கீழே 'எச்.ஓ.டி. அனுமதியுடன்' என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். போகட்டும், கோரிக்கைக்கு வருகிறோம்.

மட்டம் போடுவதைத் தடுக்க வேறு வழி இருக்கிறது. வந்தவரின் பதிவு எண், தேதி, நேரம் மட்டும் கொண்ட சீட்டை மையம் நேரே மாணவர் அலுவலகத்துக்கு அனுப்பட்டும். அலுவலகம் வருகைப்பதிவில் 'அனுமதியுடன்' என்று மட்டும் குறிக்கட்டும். எங்கே போனார் என்பது துறைக்குத் தெரிய வேண்டாம். மாலை 5 முதல் 7 வரை மையம் திறந்திருந்தால் பாதிப் பேருக்கு அந்தச் சீட்டே தேவைப்படாது. உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது என்பதை ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார். அப்போது தகவல் போக வேண்டிய இடத்துக்குப் போகும், கையெழுத்து இல்லாமலே.

தேர்வு அட்டவணை வெளியாகும் முன், அந்தக் கட்டமும் காரணக் கோடுகளும் இல்லாத படிவம் வர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாணவர் மனநலப் பணியில் உள்ளோர்