அந்தக் கோடு நெடில் இல்ல

ஆசிரியர் சார் வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை மலர்ல கிரேக்க எழுத்து பத்தி போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா உயிரெழுத்து தலைல வர்ற சாய்ஞ்ச கோட்ட நெடில் குறின்னு எழுதிட்டீங்களே, அது தப்பு. எந்த அசைய அழுத்திச் சொல்லணும்னு காட்டுறதுதான் அது, பேரு தோனோஸ்.

நாகப்பட்டினத்துல இருக்க என் தம்பி மவன் கப்பல்ல கிரேக்கக்காரங்களோட வேல பாக்குறான். லீவுக்கு வந்தப்ப வாழையிலை ஓரத்துல கொழம்பத் தொட்டு எழுதியே காட்டுனான். நோமோஸ்னு ஒரு வார்த்தை, கோடு மொத ஓ மேல இருந்தா சட்டம், ரெண்டாவது ஓ மேல போனா மாவட்டம் மாதிரி ஒரு பகுதி. பொதேயும் அப்படித்தான், மொத அசைய அழுத்துனா 'எப்போ', கடைசிய அழுத்துனா 'ஒருநாளும் இல்ல'. சம்பளம் எப்போன்னு கேக்குறவன் பாத்துக் கேக்கணும்!

முன்னாடி மூணு வகை அழுத்தக்குறி, மூச்சுக்குறி ரெண்டுன்னு பிள்ளைங்கள பாடாப்படுத்தி, 1982-லதான் ஒரே குறின்னு அரசாங்கமே கொறைச்சுச்சு. ஓரசைச் சொல்லுக்கு பெரும்பாலும் அதுவும் கெடையாது, முழுக்க பெரிய எழுத்துல எழுதுனாலும் போட மாட்டாங்க. நம்ம ஓலைச்சுவடில புள்ளியே வைக்காம எ எது ஏ எதுன்னு இடம் பாத்து படிச்ச மாதிரிதான்.

அடுத்த வாரம் ஓரமா ஒரு திருத்தம் போட்ருங்க சார்.

இப்படிக்கு,
கும்பகோணத்து வாசகர்