சனிக்கிழமைப் பொங்கல்

கொக்குவில், யாழ்ப்பாணம்,
மார்கழி மாதம்.

அன்புள்ள பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். அப்பாவுக்கு மழைக்கு முழங்கால் நோவு கொஞ்சம் கூடியிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. திருவெம்பாவை தொடங்கிவிட்டது. விடிய நாலு மணிக்கெல்லாம் சங்கும் சேமக்கலமும் எங்கள் ஒழுங்கையால் போகும். அந்தச் சத்தத்துக்கு எழும்பினால் பிறகு நித்திரை வராது. அந்த நேரத்தில்தான் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போனில் கதைத்த கதை சரியில்லை, பிள்ளை. இந்த முறை பொங்கல் வேலை நாளில் வருகிறது, லீவு எடுக்க ஏலாது, சனிக்கிழமை பொங்கப்போகிறோம் என்று நீ சொன்னாய். பொங்கலைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்க அது என்ன கந்தோர் மீட்டிங்கா என்று நான் கேட்டேன். நீ திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. "சரி அம்மா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாய். அந்தச் "சரி" இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. நாள் முழுக்க வேலை செய்து, பிள்ளைகளையும் பார்த்து, இதற்கிடையில் பொங்கவும் வேண்டும் என்று நினைக்கிற பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? போனில் திருத்தப்போனால் திரும்பவும் ஏதாவது சொல்லிவிடுவேன். பக்கத்து வளவு அண்ணை அடுத்த கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அன்றைக்கு இரவு படுத்துக்கிடந்து யோசித்தபோது 1996ஆம் ஆண்டுப் பொங்கல் நினைவு வந்தது. நீயும் அதை அடிக்கடி சொல்வாய். ஆனால் ஏழு வயதில் நீ கண்டது வேறு, நான் கண்டது வேறு. அதனால் என் பக்கத்துக் கதையையும் ஒருக்கால் எழுதிவைக்கிறேன்.

1995 ஒக்ரோபர் 30. சண்டையால் ஊரே இடம்பெயர்ந்த அன்றைக்கு இரவு நாங்களும் மழைக்குள் வெளிக்கிட்டோம். செம்மணி வெளியால் நகர்ந்து நகர்ந்து நாவற்குழிப் பாலம் தாண்ட விடிந்துவிட்டது. சைக்கிள் கரியரில் அரிசிப்பை, அதற்கு மேலே நீ, பாரில் தம்பி. அம்மம்மா சீற்றைப் பிடித்தபடி நடந்தார். பொங்கல் பானையைச் சுமக்க ஏலாது என்று அப்பா கோடிப்பக்கத்தில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு வந்திருந்தார். மீசாலையில் ஒரு வீட்டுக்காரர் எங்களுக்கு விறாந்தையைத் தந்தார்கள். அந்த வளவில் எங்களோடு நாலு குடும்பம், கிணறு ஒன்று, முற்றத்தில் அடுப்பு இரண்டு.

தை பிறந்தபோது அப்பா மலேரியாக் காய்ச்சலில் சாக்கைப் போர்த்துக்கொண்டு நடுங்கிக்கொண்டு கிடந்தார். அரிசி நிவாரணத்தில் கிடைத்தது. சர்க்கரை இல்லை, வீட்டுக்கார அம்மா இரண்டு குட்டான் பனங்கட்டி தந்தார். பசுப்பாலுக்கு வழியில்லை, தேங்காய்ப்பால்தான். தென்மராட்சியில் தேங்காய்க்குக் குறைவில்லையே. கோலத்துக்கு அரிசிமாவை வீணாக்க ஏலாது என்று நான் சொல்லிவிட்டேன். அம்மம்மா ஒன்றும் பேசாமல் அடுப்புச் சாம்பலை அரித்து எடுத்தார். கோடு பிடிக்க உலக்கை இல்லை. ஒரு தென்னம்மட்டையை நிலத்தில் வைத்து, அதன் ஓரமாகச் சாம்பலை விரலுக்குள்ளால் விட்டு விட்டு, நாலு பக்கமும் கோடு இழுத்தார். ஒரு கோடுகூடக் கோணவில்லை.

அடுப்பு எங்கள் முறைக்கு வர பத்து மணியாகிவிட்டது. சூரியன் தென்னை வட்டுக்கு மேலே ஏறிவிட்டது. இருட்டோடு முழுகி, சூரியன் கிளம்பப் பால் பொங்க வேண்டும் என்று வளர்ந்தவள் நான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மம்மா சொன்னது இன்றைக்கும் அப்படியே நிற்கிறது: "ஏன் பிள்ளை அழுகிறாய்? சூரியன் எங்கை போகப்போறார்? எங்கடை முறை வரட்டும்."

பானை என்று சொல்ல அங்கே இருந்தது பிடி உடைந்த ஒரு அலுமினியச் சருவம். அதன் கழுத்தில் ஒரு மஞ்சள் இலையைக் கட்டினோம். பால் நுரைத்து எழும்பியபோது அப்பாவால் எழும்பி வர முடியவில்லை. அம்மம்மா உன்னைக் கூப்பிட்டு, இரண்டு கையாலும் அரிசி அள்ளவைத்து, உன் மணிக்கட்டைப் பிடித்து மூன்று தரம் சருவத்தைச் சுற்றவைத்துப் போடவைத்தார். உன் கை சின்னது. பாதி அரிசி நெருப்புக்குள் விழுந்து படபடவென்று பொரிந்தது. வெடி கொளுத்த ஒருவருக்கும் மனம் வராத பொங்கல் அது. அந்த அரிசி பொரிந்த சத்தத்துக்கு நீயும் தம்பியும் கைதட்டிச் சிரித்தீர்கள். சாக்குக்குள் கிடந்த அப்பாவும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அந்த நாளைக் கண்ட நான் உன்னிடம் கிழமைக் கணக்குப் பார்த்திருக்கிறேன். மன்னித்துக்கொள் பிள்ளை. சனிக்கிழமையே பொங்கு. வடிவாகப் பொங்கு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த முறை அரிசியைச் சின்னவள் போடட்டும். போன வருசம் நீ தனியாக எழும்பி எல்லாவற்றையும் செய்து முடித்து, பிள்ளைகளுக்குச் சட்டை மாற்றி, பானைக்குப் பக்கத்தில் நிற்பாட்டிப் படம் எடுத்து அனுப்பினாய். எத்தனை பேருக்குக் காட்டினேன் தெரியுமா? ஆனால் அந்தப் படத்தில் பிள்ளைகளுக்கு வேலை ஒன்றும் இல்லை. நீ மீசாலைப் பொங்கலை முப்பது வருசமாகச் சொல்லிக்கொண்டிருப்பது அது உன் கையால் விழுந்த அரிசி என்பதால்தானே. பெரியவன் தேங்காய் துருவட்டும். பயறை அவனே வறுக்கட்டும், மணம் எழும்பும்போது அடுப்பை நிறுத்தச் சொல்லிக்கொடு. கொஞ்சம் கருகினாலும் பரவாயில்லை. மருமகன் கோலத்துக்குக் கோடு பிடிக்கட்டும். உலக்கை தேடி அலையவேண்டாம், ரொட்டி உருட்டுகிற கட்டை போதும். மின்னடுப்பில் பால் பொங்கி வழிந்தால் துடைக்கிறது கரைச்சல்தான், தெரியும். இந்த ஒரு நாளைக்கு வழியவிடு.

பொங்கல் அன்றைக்கு எங்களோடும் பத்து நிமிடம் நில்லுங்கள். இங்கே விடிய ஆறரை மணி உங்களுக்கு முதல்நாள் இரவு எட்டு மணி. மெல்பேணில் தம்பிக்கு மத்தியானம் பன்னிரண்டு. மூன்று வீட்டிலும் ஆட்கள் விழித்திருக்கிற நேரம். அப்பா பானையை அடுப்பில் ஏற்றியதும் நான் வாட்ஸ்அப்பில் எடுக்கிறேன். பிள்ளைகள் படுக்கைக்குப் போகிற நேரத்தில் எங்கள் சூரியன் கிளம்புவதைப் பார்க்கட்டும். சனிக்கிழமை நீங்கள் பொங்கும்போது நாங்கள் பார்க்கிறோம், எந்த நேரம் என்றாலும் விழித்திருப்போம்.

சின்னவளிடம் நான் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன். போன வருசம் அவள், "அம்மம்மா, வீட்டுக்குள்ளே அடுப்பு இருக்கே, ஏன் வெளியில சமைக்கிறீங்கள்?" என்று கேட்டாள். பதில் சொல்ல முதல் லைன் வெட்டுப்பட்டுப்போச்சு. சூரியன் பார்க்கவேண்டும் என்றுதான் முற்றத்தில் வைக்கிறோம் என்று அவளுக்குச் சொல். வயலுக்கும் தோட்டத்துக்கும் வருசம் முழுக்க வெயில் தந்தவர் அவர், முதல் சோறு அவருக்குத்தான், அவர் பார்க்கிற இடத்தில்தான் அதைச் சமைக்கவேண்டும். உங்கள் ஊரில் தை மாதம் பனிக்குள் வெளியில் அடுப்பு மூட்ட ஏலாது. கிழக்கு ஜன்னல் திரையைத் திறந்துவிட்டுப் பொங்குங்கள், காணும்.

சித்திரை, கார்த்திகை விளக்கீடு, தீபாவளி எல்லாவற்றையும் அங்கே அப்படியே செய்யவேண்டும் என்று நான் இனிக் கேட்கமாட்டேன். உங்கள் பள்ளிக்கூட லீவுக்குள் வருகிற நாள் என்று பார்த்தால் ஆடிப்பிறப்பு ஒன்றுதான். ஜூலை நடுவில் வரும். அதற்கு ஒருமுறை பிள்ளைகளோடு வாருங்கள். கிணற்றடிப் பலா பெருத்துவிட்டது, இலைக்குக் குறைவில்லை. பலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்தி, சுடச்சுட ஆடிக்கூழை வார்த்து, ஊதி ஊதிக் குடிக்கவேண்டும். தேங்காய்ச் சொட்டு பல்லில் கடிபடவேண்டும். இதைப் போனில் காட்டி ஒன்றும் விளங்கவைக்க ஏலாது. கொஞ்ச நாள் கூட நின்றால் நல்லூர்க் கொடியேற்றமும் பார்க்கலாம். 25 நாளும் நிற்கச் சொல்லவில்லை. உன்னை அப்பா தோளில் வைத்துத் தேர் காட்டிய அந்த வீதியில் பெரியவன் ஒருநாளாவது நிற்கட்டும்.

தம்பியைப் பற்றியும் சொல்லவேண்டும். அவன் வீடு மாறினதை நீ என்னிடம் கேட்டுத்தான் அறிந்தாய். உனக்குக் காய்ச்சல் என்று அவன் என்னிடம் கேட்டுத்தான் அறிந்தான். இரண்டு பேரின் கதையையும் நான்தான் அங்கேயும் இங்கேயும் காவுகிறேன். எனக்கு அது சந்தோசம்தான். ஆனாலும் நீங்கள் இரண்டு பேரும் நேராகக் கதைக்கவேண்டும். நான் அனுபவித்ததைச் சொல்கிறேன். 1990க்குப் பிறகு இங்கே கரன்ட் இல்லை, போன் இல்லை. ஜேர்மனியிலிருந்த மாமாவின் கடிதம் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து யாராவது வருகிறவர்களின் பைக்குள் கிடந்து எங்களிடம் வரும். ஒருமுறை தீபாவளிக்கு எழுதியது சித்திரை வருசத்துக்குக் கிடைத்தது. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அதை நானும் அம்மம்மாவும் மாறி மாறி வாசித்தோம். வழி திறந்து மாமா ஒருமுறை வந்தபோது, இரண்டு பேரும் என்ன கதைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒரே பாயில் படுத்து வளர்ந்த நாங்கள். உங்களுக்கு அப்படி வரக்கூடாது. கிழமைக்கு ஒருக்கால் அவனுக்கு நீயே எடு. அவன் எடுக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காதே, நீதான் அக்கா.

எனக்கும் பெருநாளுக்கு மட்டும் எடுக்காதே பிள்ளை. பெருநாளில் எல்லாரும் திரைக்குள் தலையை நீட்டி, "சாப்பிட்டீங்களா, என்ன சமையல்" என்று கேட்டு முடிய நேரம் போய்விடும். போன மாதம் ஒடியல் மாவை எவ்வளவு நேரம் ஊறப்போடுவது என்று கேட்க எடுத்தாயே, அப்போது நாற்பது நிமிடம் கதைத்தோம். கூழுக்குக் கொதிக்கவைத்த தண்ணீர் வற்றிப்போய் நீ இரண்டாந்தரம் தண்ணீர் வைத்தாய். உன் மேலதிகாரியோடு உனக்குள்ள பிரச்சினையை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாய். ஒரு பெருநாளிலும் நீ அதைச் சொல்லியிருக்கமாட்டாய். அப்படி எடு. போனை மேசையில் வைத்துவிட்டு நீ மரக்கறி வெட்டு, நான் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.

அண்ணையிடம் ஆறு குட்டான் பனங்கட்டி, வறுத்து உடைத்த பயறு, ஒடியல் மா, மருமகனுக்கு மோர்மிளகாய் கொடுத்துவிடுகிறேன். ஒரு சாமானை மட்டும் அனுப்பவில்லை. அலுமாரியில் பழைய பிஸ்கட் தகரம் ஒன்று இருக்கிறதல்லவா? ஒவ்வொரு சித்திரைக்கும் பேரப்பிள்ளைகள் மூன்று பேருக்கும் கைவிசேஷம் எடுத்து, வெற்றிலை தொட்டு, சாமி அறையில் வைத்துவிட்டு, கடிதவுறையில் பெயரும் வருசமும் எழுதி அதற்குள் போட்டுவைக்கிறேன். பெரியவனுக்குப் பதினொரு உறை சேர்ந்துவிட்டது, சின்னவளுக்கு ஆறு. முதல் உறையில் இருக்கிற 20 ரூபாய்க்கு இப்போது ஒன்றும் வாங்க ஏலாது. அண்ணையிடம் கொடுத்தனுப்பவா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். அது கையில் வைத்துத் தருகிற காசு. வந்து வாங்கட்டும்.

பனங்கட்டியைச் சுடுதண்ணீரில் கரைத்து, வடித்துவிட்டுப் போடு. அடியில் மண் இருக்கும்.

அன்புடன்,
அம்மா