சிவப்புப் பொட்டு தெரியவில்லை என்று ஊசியை நிறுத்தாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாய்க்கடிச் செய்திகளை விடாமல் போடுகிறீர்கள், நல்லது. ஆனால் கடித்த நாய் செத்த பிறகு அதன் மூளையில் என்ன பார்க்கிறார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. கால்நடை நோய் ஆய்வகத்தில் நுட்பநராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோயைத் தரும் வைரஸ் சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது, அவ்வளவு பொடி. அது செல்லுக்குள் செய்துவைத்த மாற்றம்தான் நமக்குத் தெரியும். ஐஸ் பெட்டியில் வரும் நாய்த்தலையைத் திறந்து, மூளையில் ஹிப்போகேம்பஸ் பகுதியில் சின்னத் துண்டு வெட்டி, ஸ்லைடில் ஒற்றி, செல்லர்ஸ் சாயம் போட்டுக் கழுவிப் பார்த்தால், நீல நிற நரம்பு செல்லுக்குள்ளே, உட்கருவுக்கு வெளியே, உருண்டையாகவோ முட்டை வடிவிலோ சிவப்பாக ஒரு பொட்டு இருக்கும். இன்னும் உற்றுப் பார்த்தால் அந்தப் பொட்டுக்குள் கருநீலத் துகள்கள். இதுதான் நெக்ரி பாடி. 1903-ல் இதைக் கண்ட இத்தாலியர் அடெல்கி நெக்ரி, இதுவே நோயைத் தரும் ஒட்டுண்ணி என்று நினைத்துவிட்டார். உண்மையில் இது வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள செல்லுக்குள் போட்ட பட்டறை.

சரி, பொட்டு இருந்தால் ரேபிஸ். இல்லாவிட்டால்? அங்கேதான் ஏமாந்துபோகிறோம். வெறி பிடித்த எல்லா நாய்க்கும் இந்தப் பொட்டு தெரிவதில்லை, நோய் முற்றுவதற்குள் அடித்துக் கொன்றிருந்தாலோ, வெயிலில் கிடந்து மூளை அழுகியிருந்தாலோ இன்னும் கஷ்டம். ஒருமுறை எங்கள் ஸ்லைடில் ஒன்றுமே இல்லை. வாசலில் நின்ற அப்பா, கையில் பையனின் ஊசிச் சீட்டோடு, "அப்போ மிச்ச ஊசி வேண்டாமா சார்?" என்று கேட்டார். போடுங்கள் என்று அனுப்பிவைத்தோம். அதே மூளையை ஒளிரும் ஆன்டிபாடி சோதனைக்கு (வைரஸில் போய் ஒட்டிக்கொண்டு ஒளிரும் சாயப் பொருளைப் போட்டுப் பார்ப்பது) அனுப்பியதில் பச்சையாக மின்னியது. ரேபிஸேதான்.

இந்த ஒளிரும் சோதனைதான் நம்பகமானது. மாவட்டந்தோறும் இந்த வசதி வர வேண்டும். அதுவரை மக்கள் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது: கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே முதல் ஊசி, அப்புறம் டாக்டர் குறித்துக் கொடுக்கும் தேதிகளில் மற்றவை. ரத்தம் வந்த கடி என்றால் இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே எதிர்க்கும் தயார் ஆன்டிபாடி மருந்து) கேட்டு வாங்குங்கள். அடுத்த நாய்க்கடிச் செய்தியோடு இதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்