நாகலூர்ப் பாப்பாவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

சேலம் செவ்வாய்ப்பேட்டை உறவுகளுக்கும் வெள்ளிப் பட்டறைச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

நேற்று மாலை என் ரத்தப் புற்றுநோய்க்கான ரிப்போர்ட் வந்துவிட்டது. ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் பி.சி.ஆர். டெஸ்டில் அளவு 0.1 சதவீதத்துக்குக் கீழே. டாக்டர் பேப்பரை என் பக்கம் நகர்த்தி வைத்து, "மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க, மத்தபடி வேலையைப் பாருங்க" என்றார். வெளியே வந்து வண்டிச் சாவியைப் போட்டால் கை நிற்கவில்லை. அந்த நடுக்கம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறப்போட்டால் எழுத மாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. அர்த்த ராத்திரியில் ஆட்டோ எடுத்தவர், நான் படுத்திருந்தபோது பட்டறையை மூடவிடாமல் ஓட்டிய பையன்கள், கொடுத்த வெள்ளியைத் திருப்பிக் கேட்காமல் பொறுத்த வியாபாரிகள், தன் முறைச் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தவர், குகைப் பகுதியிலிருந்து தூக்குப்போசியில் கஞ்சி அனுப்பிய அத்தை, கோட்டை மாரியம்மனுக்கு எனக்காக வேண்டிக்கொண்டவர்கள், எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பெயர் போட்டு எழுதினால் யாராவது விட்டுப்போகும், பிறகு அதற்கு ஒரு பஞ்சாயத்து.

ஒருத்தருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் நாகலூர்ப் பாப்பா என்றே எழுதுகிறேன். அம்மாவின் கொலுசில் கொக்கி தேய்ந்துபோய், மாற்றித் தரச் சொல்லிப் பட்டறைக்கு வந்தவர். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. காப்பிப் பழம் பறிக்கிற சமயம் என்று லீவு போட்டு ஏற்காடு வந்திருந்தார். தராசுப் பக்கத்தில் கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இமாட்டினிப் யாருக்கு?" என்று கேட்டார். அவர் ஆராய்ச்சி செய்வதே ரத்தப் புற்றின் மரபணுவைப் பற்றித்தானாம்.

கண்ணெல்லாம் வீங்கி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாலே பதில் தெரிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு என்னை அரித்துக்கொண்டிருந்தது என் உயிரைப் பற்றிய பயம் இல்லை. என் தாத்தாவும் வயிறு வீங்கித்தான் செத்தார் என்று சொந்தத்தில் யாரோ ஆரம்பித்துவிட்டார்கள். பரம்பரை நோய் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. மகளுக்கு நாள் குறிக்க வந்தவர்கள், கொஞ்ச நாள் போகட்டும் என்றார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது, மகள் இருட்டில் உட்கார்ந்து இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நோயில் பெருக்கிற மண்ணீரல் தனக்கும் பெருத்திருக்கிறதா என்று தேடுகிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பாப்பா கேட்டுக்கொண்டார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை வீட்ல எல்லாரும் இருப்பாங்களா அண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னபடி அந்த ஞாயிறு இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி, கையில் ஒரு பழப் பையோடு வந்து நின்றார். கூடத்தில் அக்கா, மச்சான், சித்தப்பா, மகள் எல்லோரும் இருந்தார்கள். உடைசல் டப்பாவிலிருந்து நீளமாக ஒரு கொலுசுத் துண்டும் குட்டையாக ஒன்றும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கிற இழைதான் குரோமோசோம்; நீளமானது 9-ஆம் நம்பர் குரோமோசோம், குட்டையானது 22 என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். என்னையே கத்திரி எடுக்கச் சொல்லி இரண்டின் வாலையும் நறுக்கி, இதன் வாலை அதிலும் அதன் வாலை இதிலும் மாற்றி வைக்கச் சொன்னார். குட்டை இன்னும் குட்டையாகிவிட்டது. அந்தக் குட்டையைத்தான் 1960-இல் அமெரிக்காவில் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இரண்டு பேர் நோயாளிகளின் ரத்தத்தில் பார்த்து எழுதினார்கள். அதனால் இன்றைக்கும் அதற்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்றே பெயர். நம் ரிப்போர்ட்டில் இருந்த அந்த ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு, வெளிநாட்டில் செய்த டெஸ்ட் என்று மச்சான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

தப்பாகப் பற்றவைத்த அந்த மூட்டில் பி.சி.ஆர்., ஏ.பி.எல். என்று இரண்டு மரபணு ஒட்டிக்கொள்கின்றன. (இந்த பி.சி.ஆர். வேறு, டெஸ்டின் பெயரான பி.சி.ஆர். வேறு. அதை அக்காவுக்குப் புரியவைக்கவே கொஞ்ச நேரம் போனது.) ஒட்டிய மரபணுவிலிருந்து வருகிற புரதத்துக்கு நிறுத்தத் தெரியாது. பெருகு, பெருகு என்று வெள்ளணுக்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும். அது வேலை செய்ய, செல்லுக்குச் சக்தி கொடுக்கிற ஏ.டி.பி. என்ற பொருள் வந்து உட்கார வேண்டிய பள்ளம் ஒன்று அதில் உண்டு. நான் தின்கிற மாத்திரை முந்திக்கொண்டு போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான் வைத்தியம்.

பிறகு மகள் பக்கம் திரும்பிச் சொன்னார். "இந்தத் தப்பு உங்கப்பா பொறந்து ரொம்ப நாள் கழிச்சு, எலும்பு மஜ்ஜைல ஒரே ஒரு செல்லுல நடந்தது. அந்த ஒண்ணுலேருந்து பெருகினதுதான் இத்தனையும். அவர் விந்துல இது இல்ல. அதனால அவர்கிட்டேருந்து உனக்கு வர வழியே இல்ல."

விந்து என்ற அந்தச் சொல் எங்கள் கூடத்தில் முதல்முறையாகக் கேட்டது. சித்தப்பா ஃபேனைப் பார்த்தார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மகள் மட்டும் பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப எதனால வந்துச்சு?" என்று கேட்டாள். பெரும்பாலானவர்களுக்குக் காரணமே தெரியாது, உறுதியாகத் தெரிந்தது பலத்த கதிர்வீச்சு, அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களிடம் இந்த நோய் கூடுதலாக வந்தது என்றார். பட்டறைப் புகையா என்று மச்சான் கேட்டதற்கு, இதற்கு அது இல்லை, ஆனால் காட்மியம் என்ற உலோகம் கலந்த பொடியை வைத்து ஊதிப் பற்றவைத்தால் நுரையீரலுக்குக் கேடு, அதை முதலில் நிறுத்துங்கள் என்று எனக்கும் ஒரு குட்டு வைத்தார்.

இதில் நான் மதிப்பது, எங்களைச் சமாதானப்படுத்த அவர் எதையும் மழுப்பவில்லை. "எந்தப் புத்துநோயும் குடும்பத்துல வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். மார்பகப் புற்றில் ஒரு பங்கு தாய்வழியாகவோ தகப்பன்வழியாகவோ இறங்கும். மேரி கிளேர் கிங் என்ற அம்மா 1990-இல் அந்த மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார். என் மனைவியின் சித்திக்கும் சித்தி மகளுக்கும் நாற்பதுக்குள்ளேயே அது வந்ததைச் சொன்னதும், முகம் மாறி, அந்தக் குடும்பம் கட்டாயம் மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டும் என்றார். போய்விட்டு வந்தார்கள். வரும் என்பதை வரும் என்று சொன்னவர் என்பதால்தான், வராது என்று சொன்னதையும் வீட்டில் நம்பினார்கள்.

குரோமோசோம் துண்டுகள் இப்படி இடம் மாறியதைக் கண்டுபிடித்ததும் ஒரு டாக்டரம்மாதான். ஜேனட் ரௌலி, சிகாகோ. நாலு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு பகுதி நேரம் வேலை பார்த்தவர். குரோமோசோம் போட்டோக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, கத்தரித்து வைத்துப் பார்ப்பாராம். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். 22-இல் காணாமல் போன துண்டு 9-இல் ஒட்டியிருக்கிறது என்று 1973-இல் எழுதினார். இதைச் சொன்னபோதுதான் அக்கா சிரித்தாள்.

கிளம்பும்போது பழப் பையில் கைவிட்டு ஆரஞ்சையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, இரண்டு பம்ளிமாஸைத் திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டார். அம்மா தெரியாமல் வைத்துவிட்டார்களாம். கிரேப் ஃப்ரூட், பம்ளிமாஸ் இரண்டும் உடம்பில் இந்த மாத்திரையின் அளவை ஏற்றிவிடலாம். கொக்கி மாற்றியதற்குக் கூலி வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

அந்த வரன் போனது போனதுதான், வருத்தமில்லை. மகள் அன்று ராத்திரி தூங்கினாள்.

பிறகு நானே கொஞ்சம் படித்துக்கொண்டேன். இந்த மாத்திரைக்கு அமெரிக்காவில் 2001 மே மாதம்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் எனக்கு இந்த நோய் வந்திருந்தால் என் கணக்கு சில வருடம்தான். நம் ஊரில் வெளிநாட்டுக் கம்பெனி மாத்திரை மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தக் கம்பெனி காப்புரிமை கேட்டுப் போட்ட வழக்கை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உள்ளூர்க் கம்பெனிகள் தொடர்ந்து தயாரித்ததால்தான் என் போன்றவன் வாங்க முடிகிறது. எனக்கு முகம் தெரியாத எத்தனை பேருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

காட்மியம் பொடியை நிறுத்திவிட்டேன். இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். இதே ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நம் சுற்றுவட்டாரத்தில் யாராவது இருந்தால், ஞாயிறு மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வரலாம். வைத்தியம் சொல்ல மாட்டேன், அதற்கு டாக்டர் இருக்கிறார். நறுக்கிய அந்தத் துண்டுகளை உருக்காமல் வைத்திருக்கிறேன், எனக்குப் புரிந்த வரைக்கும் காட்டுகிறேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.