எங்கள் கூத்துக் கெசட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள்

ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை நகரங்களில் பழைய வீடியோ கெசட்டுகளை டிவிடிக்கு மாற்றித் தரும் ஸ்டூடியோக்காரர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு வீஎச்எஸ் கெசட்டோடு உங்களில் ஒருவரிடம் வந்தேன். 1994 மாசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்த காமன் கூத்து, மன்மதன் எரிந்த கதையை ஆடிப் பாடும் கூத்து, அதில் இருக்கிறது. ரதி வேஷம் கட்டியவர் என் அப்பா. கொழும்பில் வேலை பார்த்த சித்தப்பா கமரா இரவல் வாங்கி வந்து எடுத்தார். அப்பா இப்போது இல்லை. அவர் ஆடுவதும் பாடுவதும் வேறு எதிலும் இல்லை.

கெசட் ஓட்டும் டெக்கில் போட்டதும் படம் வந்தது, தப்பு மேளச் சத்தமும் கேட்டது. நாலாவது நிமிடத்தில் டிவிடி ரெக்கோடர் நின்று, கொப்பி பண்ணத் தடை செய்யப்பட்ட படம் என்று எழுத்துக் காட்டியது. கடைத் தம்பி கெசட்டை வெளியே எடுத்து, "அக்கா, இது சட்டவிரோதம், செய்ய ஏலாது" என்றார். பக்கத்தில் அம்மா நின்றார். திருட்டுச் சாமானோடு பிடிபட்டவர் போல அவர் தலையைக் குனிந்துகொண்டதை என்னால் மறக்க முடியவில்லை.

வீட்டுக் கமராவில் எடுத்த படத்துக்கு யாரும் பூட்டுப் போடுவதில்லை. அந்தப் பூட்டு, கொப்பி பண்ணாமல் தடுக்க சினிமாக் கம்பெனிகள் 1985 முதல் தங்கள் கெசட்டில் சேர்த்த மேக்ரோவிஷன். நம் நாட்டு டிவியின் பால் (PAL) முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள். காட்சி இருப்பது 576இல். மிச்சம் திரையில் தெரியாது. அந்த மறைவில் மிகப் பிரகாசமான துடிப்புகளைச் செருகிவிடுவார்கள். டிவி அதைக் கண்டுகொள்ளாது. பதிவு செய்யும் டெக் மட்டும் சிக்னல் கூடிப்போனதாக ஏமாந்து அளவைக் குறைக்கும். படம் இருண்டு வெளுத்துத் தத்தளிக்கும். பின்னால் வந்த டிவிடி ரெக்கோடர்கள் அந்தத் துடிப்பைக் கண்டதும் நிற்கும்படி செய்யப்பட்டவை.

எங்கள் கெசட் முப்பது வருடம் லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில், மழையிலும் பனியிலும் தகரக் கூரைக்குக் கீழே ட்ரங்குப் பெட்டியில் கிடந்தது. நாடா தேய்ந்தால் படத்தை நிலைநிறுத்தும் துடிப்புகள் ஆட்டம் காணும், மறைவான வரிகளில் இரைச்சல் ஏறும். ரெக்கோடர் அந்த இரைச்சலைப் பூட்டு என்று எடுத்துக்கொள்கிறது. நாடாவின் முதுமைதான் அன்று அம்மாவுக்குக் குற்றமாகக் காட்டப்பட்டது.

இதற்கு மருந்து உண்டு. டெக்குக்கும் ரெக்கோடருக்கும் நடுவில் டைம் பேஸ் கரெக்டர் ஒன்றை வைத்தால் அது ஆடும் துடிப்புகளைப் புதிதாகக் கட்டிக் கொடுக்கும். டிவி நிலையங்கள் படத்தை நேராக்க வைத்திருந்த கருவி அது. இன்னொரு ஊரில் உங்கள் தொழில்காரர் ஒருவர் அப்படித்தான் செய்தார். கெசட் நிற்காமல் ஓடியது. மன்மதன் எரிந்தபின் ரதி அழும் இடத்தில் அப்பாவின் குரல் உடைந்து எழும்பியது. அம்மா அதைக் கேட்டு அழுதார்.

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. பூட்டு உடைக்கவென்றே செய்த கருவிகளை விற்கவோ வாடகைக்கு விடவோ கொண்டுவருவதை அது தடுக்கிறது. கடையில் வாங்கிய சினிமாக் கெசட்டை நீங்கள் மறுத்தால் நான் வாதாட மாட்டேன். சித்தப்பா எடுத்த தன் சொந்த அண்ணனின் கூத்துக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

காமன் கூத்துப் பாட்டு ஒவ்வொரு தோட்டத்திலும் கொஞ்சம் மாறும். எங்கள் கூத்து வாத்தியார் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர் பாடிய லாவணிப் பாட்டு இந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது.

இரண்டு விஷயம் வேலை தொடர்பாகச் சொல்ல வேண்டும். கெசட்டின் சின்ன ஜன்னலில் நாடாவின் ஓரம் வெள்ளையாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். சுத்தம் செய்யாமல் டெக்கில் போடாதீர்கள், அடுத்த வீட்டுக் கெசட்டுக்கும் ஒட்டும். மூன்று மணி நேரத்தை 4.7 ஜிபி டிஸ்க் ஒன்றில் அமுக்கவும் வேண்டாம். தீப்பந்த வெளிச்சத்தில் ஆடுபவர்கள் கட்டம் கட்டமாக உடைந்துபோவார்கள். இரண்டு டிஸ்க்கில் போட்டு, பென் டிரைவிலும் ஒன்று தாருங்கள். காசு கூடினாலும் கொடுப்போம்.

ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் டெக் செய்வதை நிறுத்தியது. அதுதான் கடைசியாக மிஞ்சியிருந்த கம்பெனி. உங்கள் அலுமாரியில் இருக்கும் பழைய டெக்கை இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் லயத்தில் இன்னும் ஏழு கெசட் இருக்கிறது. கல்யாணம், சாமத்தியச் சடங்கு, ஒரு தேர்த் திருவிழா. அவற்றைக் கொண்டுவரும் பெண்கள் கொழுந்து எடுப்பவர்கள். ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு பஸ் ஏறி வருவார்கள். ரெக்கோடர் நின்றால், கெசட்டை வெளியே எடுக்குமுன் இது யார் எடுத்த படம் என்று அவர்களிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ரதி வேஷம் கட்டியவரின் மகள்